டப்ளின் ஏஞ்சர் தெரு லிடில்: மளிகைக் கடைக்குள் ஒரு 11ஆம் நூற்றாண்டு வீடு

டப்ளினுக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள் முதல் வாரத்தில் மளிகை எங்கே மலிவு என்றுதான் கேட்பார்கள். நகரின் நடுவில் தங்கியிருந்தால் ஏஞ்சர் தெரு லிடிலுக்குப் போங்கள் என்பேன். பால், முட்டை, தயிர், வெண்ணெய், உருளைக்கிழங்கு, தக்காளி என்று வாரச் சாமான் ஒரே இடத்தில் முடிந்துவிடும். சின்ன வெங்காயத்துக்கும் முருங்கைக்காய்க்கும் இட்லி அரிசிக்கும் இந்தியக் கடைக்குத்தான் போக வேண்டும். அது எந்த லிடிலுக்கும் பொருந்தும். சரி, ஊரெங்கும் கிளை வைத்திருக்கிற ஒரு கடையில் இந்தக் கிளைக்கு மட்டும் தனியாக எதற்கு மதிப்புரை? அதன் தரைக்காக.

உள்ளே அலமாரி வரிசைகளும் விலைச் சீட்டுகளும் எல்லா லிடிலிலும் இருப்பதுதான். ஓரிடத்தில் மட்டும் தரை ஓடு நின்று கண்ணாடி தொடங்குகிறது. குனிந்து பார்த்தால், மண்ணைத் தோண்டி இறக்கிய ஒரு சின்ன அறை. ஓரத்தில் கல் சுவர். கோயில் கல் மாதிரி செதுக்கிய கல் கிடையாது. அந்த வட்டாரத்தில் கைக்குக் கிடைத்த கல்லைப் பெரிதும் சிறிதுமாக, இடுக்குப் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். அடுக்கியவருக்கு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. மூலையில் கல் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு நிற்கும் விதத்தைப் பாருங்கள். நம்மூர்க் கொத்தனார் யாரைக் கூட்டிவந்து காட்டினாலும் தலையாட்டிவிட்டுத்தான் போவார்.

இந்த வீடு ஏறத்தாழ 1070ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் குலோத்துங்கன் பட்டமேறியதும் அதே 1070இல்தான். 9ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறி வந்த வைக்கிங்குகள் இங்கே தங்கி, ஐரிஷ்காரர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்து, கிறிஸ்தவர்களாகி, வியாபாரம் செய்து இந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டிருந்த காலம் அது. அந்தக் காலத்து டப்ளின் வீடுகள் பெரும்பாலும் மூங்கில் தட்டி முடைவதுபோல் குச்சிகளை முடைந்து நிறுத்தியவை. நடுவில் அடுப்பு, இரண்டு பக்கமும் படுக்க உட்காரத் திண்ணை, இரு முனையிலும் வாசல். தரைக்குக் கீழே இறக்கிக் கல் வைத்துக் கட்டிய வீடு என்பது இங்கே வேறு மாதிரி. இது நின்ற இடமும் அப்போது ஊர் எல்லைக்கு வெளியே இருந்த குடியிருப்பு. ராஜா வீடு கிடையாது, கோயில் கிடையாது, கோட்டையும் கிடையாது. சமைத்து, சாப்பிட்டு, பிள்ளை வளர்த்தவர்கள் இருந்த இடம். அதனால்தான் எனக்கு இது இத்தனை பிடித்திருக்கிறது. அரசர்களின் இடத்தைக் காப்பாற்ற எல்லா நாட்டிலும் ஆள் இருக்கிறார்கள். சாதாரணக் குடும்பத்தின் அடுப்படிக்காக ஒரு கட்டட வரைபடத்தையே மாற்றுவது எங்கோ ஓரிடத்தில்தான் நடக்கும்.

பில் போடும் இடத்தருகே இன்னொரு கண்ணாடி இருக்கிறது. அதற்குக் கீழே இருப்பது 18ஆம் நூற்றாண்டு. 1734இல் இந்த இடத்தில் ஏஞ்சர் தெரு நாடக அரங்கம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் எட்வர்ட் லவெட் பியர்ஸ். காலேஜ் கிரீனில் இன்று அயர்லாந்து வங்கி இருக்கும் பழைய பாராளுமன்றக் கட்டடமும் அவர் கைவண்ணம்தான். நாடகத்தில் பேயோ பிசாசோ திடீரென்று மேடைக்குக் கீழிருந்து எழும்ப வேண்டுமே, அதற்கான குழியைத்தான் இங்கே பார்க்கிறோம். அப்புறம், கண்ணுக்குத் தெரியாமல் கட்டடத்தின் அடியில் பத்திரமாக விட்டுவைத்திருப்பது புனித பீட்டர் தேவாலயத்தின் அடித்தளம். ஏறத்தாழ 600 வருடம் இந்தப் பகுதி மக்கள் கும்பிட்ட கோயில் அது. ஆக, ஒரு மளிகைக் கடை அளவுள்ள மனைக்குள் வீடு, கோயில், கூத்து மேடை மூன்றும் இருந்திருக்கின்றன.

நான் கட்டுமானத் துறையில் குவான்டிட்டி சர்வேயர். ஒரு கட்டடத்துக்கு எத்தனை டன் கம்பி, எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை நாள் கிரேன் வாடகை என்று கணக்குப் போட்டு எஸ்டிமேட் தருவது என் பிழைப்பு. அதனால் அந்தக் கண்ணாடி என் கண்ணுக்கு வேறு மாதிரியும் தெரியும். தள்ளுவண்டி போகும், கூட்டம் நிற்கும், குழந்தைகள் குதிப்பார்கள். அத்தனை பாரமும் கீழே இருக்கிற கல் மேல் இறங்கக்கூடாது. கண்ணாடியைத் தாங்கும் சட்டத்தின் பாரத்தை வேறெங்காவது கொண்டுபோய் இறக்க வேண்டும். ஈரம் தேங்கக்கூடாது, அதற்காக ஒரேயடியாகக் காயவும் கூடாது. கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூணான பைல் எங்கெங்கே இறங்கலாம் என்பதைப் பொறியாளர் தொல்லியலாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். இதெல்லாம் பணம். ஆனால் ஆரம்பத்திலேயே எஸ்டிமேட்டில் ஏறிய பணம் யாரையும் சாய்த்துவிடாது. எந்த எஸ்டிமேட்டிலும் இல்லாமல் நடுவில் வந்து நிற்கிற செலவுதான் ஆளைச் சாய்க்கும்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு தளத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். ஆரம்பத்தில் போட வேண்டிய சோதனைக் குழிகளை மிச்சம் பிடிக்கிறோம் என்று குறைத்துவிட்டார்கள். அடித்தளம் தோண்டும்போது எலும்புகள் வந்தன. பழைய இடுகாடு. சட்டப்படி வேலை நின்றது. வாரக்கணக்கில் கிரேன் சும்மா நின்றது, வட்டி மட்டும் ஓடியது. தளத்திலிருந்த எல்லோரும் தொல்லியலாளர்களைத் திட்டினார்கள். அந்தப் பெண்கள் இரண்டு பேர் மழையில் மண்டியிட்டு, கரண்டியும் தூரிகையுமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? முதல் மாதத்தில் கூப்பிட்டிருந்தால் முதல் மாதத்திலேயே முடித்துக் கொடுத்திருப்பார்கள்.

இங்கே முறை என்னவென்றால், பழைய டப்ளின் நகரப் பகுதியே பதிவு பெற்ற தொல்லியல் வலயம். அதற்குள் மண்ணைத் தொடுவதாக இருந்தால் திட்ட அனுமதியோடு தொல்லியல் நிபந்தனையும் சேர்ந்து வரும். தோண்டுவதற்கு அரசின் உரிமம் வேண்டும். அதைத் தனிப்பட்ட தொல்லியலாளரின் பெயரில்தான் தருவார்கள், கம்பெனி பெயரில் தரமாட்டார்கள். தப்பு நடந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். செலவு கட்டுபவருடையது. ஜேசிபியில் மேல்மண்ணை எடுக்கும்போதுகூடப் பல் வைத்த பக்கெட்டை மாட்ட விடமாட்டார்கள். விளிம்பு தட்டையான, பல் இல்லாத பக்கெட்டால் மெல்லிய படலமாகச் சீவ வேண்டும். அப்போதுதான் மண்ணின் நிறம் மாறும் இடம் தெரியும், பழைய குழியோ கம்பம் நட்ட தடமோ கண்ணில் படும். ஏஞ்சர் தெருவில் இந்த வேலையைச் செய்தது ஐரிஷ் ஆர்க்கியாலஜிக்கல் கன்சல்டன்சி என்ற நிறுவனம். கடை 2020 அக்டோபரில் திறந்தது.

டப்ளின் எப்போதும் இப்படி நடந்துகொண்டதில்லை. இந்தக் கடையிலிருந்து நடக்கும் தூரத்தில், லிஃபி ஆற்றங்கரையில் வுட் கீ என்று ஓரிடம். 1970களில் அங்கே மாநகராட்சி தனக்கு அலுவலகம் கட்டப் புறப்பட்டது. தோண்டினால் வைக்கிங் காலத்து நகரமே வந்தது. வரிசை வரிசையாக வீடுகள், மனைக்கு மனை வேலி, பலகை போட்ட நடைபாதை, எலும்புச் சீப்பு, தோல் செருப்பு, குழந்தைகள் விளையாடிய மரப் படகு. ஈர மண் எதையும் மக்கவிடாமல் வைத்திருந்தது. எஃப். எக்ஸ். மார்ட்டின் என்ற பாதிரியார், இடைக்கால வரலாற்றுப் பேராசிரியர், முன்னால் நின்று போராடினார். 1978 செப்டம்பர் 23ஆம் தேதி ஏறத்தாழ 20,000 பேர் ஊர்வலம் போனார்கள். அது தேசிய நினைவுச்சின்னம் என்று உயர் நீதிமன்றமும் சொன்னது. 1979 ஜூனில் மக்கள் தளத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். இத்தனைக்குப் பிறகும் கட்டடம் எழும்பியது. கிடைத்த அவகாசத்தில் தொல்லியலாளர்கள் எடுத்ததை எடுத்து, பதிந்ததைப் பதிந்தார்கள். பொருட்கள் இன்று கில்டேர் தெரு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வீடுகள் இருந்த இடத்தில் மாநகராட்சியின் கான்கிரீட் நிற்கிறது.

அந்த ஊர்வலத்தில் நடந்தவர்கள் தோற்றுப்போனார்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்றைக்கு இந்த ஊரில் ஒரு தனியார் கடை பழைய அடித்தளத்துக்கு மேல் கட்ட வருகிறது என்றால், கேள்வி கேட்க மாநகராட்சியிலேயே தொல்லியலாளர் இருக்கிறார், சட்டம் இருக்கிறது, மனையில் இறங்க ஆட்கள் இருக்கிறார்கள். வுட் கீயில் ஊர் அழுததால் வந்தவை இவை. ஏஞ்சர் தெருவின் கண்ணாடிக்கு விலை கொடுத்தவர்களில் அந்த 20,000 பேரும் அடக்கம்.

கட்டவே கூடாது என்று சொல்பவள் இல்லை நான். டப்ளினில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும். ஓர் அறைக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, மூன்று பேர் பங்கு போட்டுச் சமைத்துச் சாப்பிடும் பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே நிறைய. பழைய இடம் என்பதற்காக நகரின் நடுவில் வேலி போட்டுப் புல் வளர்த்தால், அந்தப் பிள்ளைகள் இன்னும் தள்ளித்தான் குடிபோக வேண்டும். இந்த மனையில் கடையும் வந்தது, மேலே மாடிகளும் வந்தன, கீழே வீடும் தங்கியது. அதுதான் முக்கியம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாராவது மேடையில் பேசினால், இந்தக் கடைக்கு ஒரு தடவை கூட்டிவந்து நிறுத்தலாம்.

போன கோடையில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். எங்களுக்கு ஜெயங்கொண்டம். கண்ணாடி மேல் கால் வைக்கப் பயந்து ஓரத்தில் நின்றபடியே கீழே பார்த்தார்கள். "ஏம்மா, இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை கண்ணாடி?" என்றார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம மாளிகைமேட்டுல எத்தனை வண்டி செங்கல் போயிருக்கும். உங்க தாத்தா வீட்டு அடுப்படிச் சுவர்லகூட அந்தச் செங்கல் இருந்துச்சு" என்றார்கள்.

மாளிகைமேடு என்பது கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த மேடு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களில் அங்கே தோண்டியபோது செங்கல் சுவர்கள் வந்தன, 2021இலும் தோண்டினார்கள். சுற்று வட்டார ஊர்களுக்கு அந்த மேடு தலைமுறை தலைமுறையாகச் செங்கல் கிடங்காகவே இருந்தது. சனங்களை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கல் தேவை என்று கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய கோயிலின் மதிலையும் கோபுரத்தையுமே வெள்ளைக்கார அரசு உடைத்து எடுத்துப்போனது. ஊர்க்காரர்கள் தடுத்துப் பார்த்தும் நடக்கவில்லை. அந்த அணையின் தண்ணீரில் விளைந்த நெல்லைத்தான் நாங்கள் சாப்பிட்டோம். வளர்ச்சி எது, இழப்பு எது என்று கத்தி வைத்ததுபோல் பிரித்துச் சொல்ல எங்கள் ஊர்க்காரர்களால் முடியாது. ஆனால் வேறு கல் கொண்டுவந்து அதே அணையைக் கட்டியிருக்கலாம் என்பது மட்டும் எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர்வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்று 2010இல் திருத்தம் வந்தது. ஆனால் அது ஏற்கனவே தெரிந்த, பெயர்ப்பலகை வைத்த இடங்களுக்கு. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாத மனைக்கு? வீட்டுக்கு வானம் தோண்டும்போது சிலையோ காசோ வந்தால் தாசில்தார் வந்து எடுத்துப்போகிறார். அதற்கான புதையல் சட்டம் 1878இல் போட்டது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் சொல்ல வேண்டும் என்கிறது. சிலை கருவூலத்துக்குப் போய்விடும். சிலை கிடந்த மண், பக்கத்திலிருந்த சுவர், தரை, சாம்பல், பானை ஓடு எல்லாம் அன்று மாலைக்குள் கான்கிரீட்டுக்கு அடியில். சிலையைவிட அந்தச் சாம்பல்தான் அங்கே யார் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லியிருக்கும்.

கீழடியில் தோப்புக்காரர்கள் நிலம் கொடுத்ததால்தான் 2014 முதல் இத்தனை தெரியவந்தது. குழிகளில் பெரும்பாலானவற்றை மூடி நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தென்னையை நம்பிப் பிழைப்பவரிடம் வேறு என்ன கேட்க முடியும். ஆனால் மதுரையைச் சுற்றி மனை போட்டு விற்பவர்களிடம் கேட்கலாம். பிளாட் போடும் முன் நாலு சோதனைக் குழி, அதற்கு ஒரு தொல்லியலாளர், அவர் செலவு லேஅவுட் செலவில் ஒரு வரி. எஸ்டிமேட் போடுகிறவளாகச் சொல்கிறேன்: ரோட்டுக்குத் தார் போடுகிற செலவோடு வைத்துப் பார்த்தால் அந்த வரி கண்ணிலேயே படாது.

கடைக்குத் திரும்புவோம். எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். விளக்கப் பலகை இருக்கிறது, படிக்கலாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒரு படம், இந்த வீடு முழுதாக நின்றபோது கூரை எப்படி, வாசல் எந்தப் பக்கம் என்று காட்டினால் இன்னும் நன்றாக இருக்கும். என் மகன் முதல் தடவை பார்த்தபோது கேட்டது: "அம்மா, இவங்க எப்படி உள்ள இறங்குவாங்க?" பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேவாலயத்தின் அடித்தளம் கண்ணுக்குத் தெரியாததால் அது எந்தப் பக்கம் போகிறது என்று தரையில் ஒரு கோடாவது இழுத்துக் காட்டலாம். இது எந்தத் தளத்துக்கும் நான் சொல்லும் யோசனைதான்.

இன்னொன்று எனக்கு உள்ளூரப் பயமாக இருக்கிறது. கண்ணாடி போட்டால் படம் எடுப்பார்கள், செய்தியாகும், கட்டியவருக்குப் பெயரும் வரும். அதைப் பார்த்து, ஓரிடத்தில் கண்ணாடி போட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் தோண்டி எறிந்துவிடலாம் என்று நாளைக்கு யாராவது நினைக்கக்கூடாது. தேவாலயத்தைப் போல, யார் கண்ணுக்கும் படாமல், யாருக்கும் விளம்பரம் ஆகாமல், மண்ணுக்குள் அப்படியே விட்டுவைப்பதுதான் பல இடங்களில் சரியான பாதுகாப்பு. அதற்குக் கைதட்ட யாரும் வரமாட்டார்கள் என்பதால், அதைச் செய்தவர்களைக் கண்ணாடி போட்டவர்களைவிட ஒரு படி மேலாகவே நான் மதிக்கிறேன்.

ஐந்துக்கு நாலரை தருகிறேன். மளிகைக்கு நாலு, தரைக்கு ஐந்து.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஸ்டீபன்ஸ் கிரீனிலிருந்து நடந்தே வந்துவிடலாம். சாயங்காலம் வேலை விடும் நேரத்தில் பில் போடும் இடத்தில் வரிசை நிற்கும், கண்ணாடி மேலேயே ஆட்கள் நிற்பார்கள்; காலையில் போனால் நின்று பார்க்கலாம். சாமான் வாங்காமல் பார்த்துவிட்டு வருவதைவிட, வழக்கமாக வாங்க வேண்டியதை அங்கே வாங்குங்கள். இப்படிக் கட்டிய கடையில் கூட்டம் வந்தால்தான் அடுத்த கடைக்காரரும் யோசிப்பார். அதே தெருவில் வொயிட்ஃப்ரையர் தேவாலயத்தில் புனித வாலன்டைனின் திருப்பண்டம் இருக்கிறது. 1836இல் போப்பாண்டவர் கொடுத்தனுப்பியது. அங்கிருந்து டப்ளின் கோட்டைத் தோட்டம் வழியாக ஆற்றுப் பக்கம் இறங்கினால் வுட் கீ. மாநகராட்சி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய நகர மதிலின் ஒரு பகுதியை விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைக் கூட்டங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் விடுவார்கள் என்பதால், ஏதாவது நிகழ்ச்சி இருந்தால் பார்க்க முடியாமல் போகலாம். வரவேற்பில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.